கொல்லையில் எந்தத் தேனீ? இந்தியத் தேனீ, இத்தாலியத் தேனீ, கொசுத்தேனீ: ஓர் ஒப்பீடு

வீட்டில் தேன்பெட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "வருடத்துக்கு எத்தனை கிலோ தேன் கிடைக்கும்?" என்றுதான். அதற்கு மட்டும் பதில் சொன்னால் ஒப்பீடு ஒரே மூச்சில் முடிந்துவிடும். நன்றாகப் பராமரித்தால் இத்தாலியத் தேனீப் பெட்டி ஒன்று 25 முதல் 40 கிலோ வரை தரும். இந்தியத் தேனீ 5 முதல் 10 கிலோ. கொசுத்தேனீக் கூட்டில் அரைக் கிலோ எடுத்தாலே நல்ல ஆண்டு. இந்தக் கணக்கைக் கேட்டவர் இத்தாலியப் பெட்டியைத்தான் வாங்குவார். ஆடி மாதத்துக்குள் அந்தப் பெட்டி வெறிச்சோடிக் கிடக்கும்.

நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு: பூ இல்லாத மாதங்களில் இந்தத் தேனீக் குடும்பத்தை என்னால் உயிரோடு வைத்திருக்க முடியுமா? மூன்று வகைகளையும் அந்தக் கேள்வியை வைத்தே எடைபோடுகிறேன். மலைத்தேனீயையும் கொம்புத்தேனீயையும் இதில் சேர்க்கவில்லை. அவை திறந்த வெளியில் ஒற்றை அடை கட்டி வாழ்பவை. பெட்டிக்குள் அடங்காது, அடக்க முயலவும் வேண்டாம்.

பூ இருக்கும்போதும் இல்லாதபோதும்

நான் இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில். எங்களுக்குத் தேன் காலம் என்றால் அது ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும் காலம். தேனீக்கள் தேனாக்கும் இனிப்பு நீரான மதுரம் ரப்பரில் பூவிலிருந்து வருவதில்லை. மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் இருக்கும் சுரப்பிகளிலிருந்து வருகிறது. இளம் இலை முற்றும் வரை அது சுரக்கும். தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை தேனீக்களுக்குத் தலைநிமிர நேரம் இருக்காது. ரப்பர் இல்லாத மாவட்டங்களில் வேம்பும் புங்கும் புளியும் முருங்கையும் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. எள், சூரியகாந்தி விதைத்திருந்தால் இன்னும் நல்லது.

அதன் பிறகு மழை தொடங்கும். தேனீக்களால் வெளியே போக முடியாது, போனாலும் கொண்டுவர ஒன்றுமில்லை. தேனீ வளர்ப்பவரின் உழைப்பெல்லாம் இந்தப் பஞ்ச காலத்தில்தான் இருக்கிறது. தேன் எடுப்பது ஒரு நாள் வேலை.

இத்தாலியத் தேனீக் குடும்பம் செழிப்பாக இருக்கும்போது அதில் அறுபதாயிரம் தேனீக்கள் வரை இருக்கும். அத்தனை வாய்க்கும் தீனி வேண்டும். இவற்றை வைத்துத் தொழில் செய்பவர்கள் பூவைத் தேடி ஊர் ஊராகப் போகிறார்கள். இருட்டிய பிறகு வாசலை அடைத்து, பெட்டிகளை லாரியில் ஏற்றி, விடிவதற்குள் அடுத்த தோட்டத்தில் இறக்கிவிடுகிறார்கள். ஒரு ஊரில் ரப்பர் முடிந்தால் இன்னொரு ஊரில் சூரியகாந்தி. அந்த 40 கிலோவுக்குப் பின்னால் இந்த அலைச்சல் இருக்கிறது. கொல்லையில் ஒரே இடத்தில் வைத்த ஒற்றைப் பெட்டியிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. இடம் மாற்றாமல் காப்பாற்ற வேண்டுமென்றால் மூட்டைக் கணக்கில் சீனி கரைக்க வேண்டியிருக்கும்.

இந்தியத் தேனீ வரவுக்குத் தகுந்தபடி செலவு செய்யும் குடித்தனக்காரி. மதுரமும் மகரந்தமும் குறைந்தால் ராணி முட்டையிடுவதைக் குறைத்துக்கொள்கிறது, குடும்பம் சிறுத்துவிடுகிறது. சீனியும் தண்ணீரும் சம அளவில் கரைத்து, ஒரு தடவைக்கு 200 மில்லி வீதம், பொழுது சாய்ந்த பிறகு பெட்டிக்குள் வைத்தால் போதும். வாரம் ஒருமுறை அதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை என் முதல் பெட்டியில் கண்டேன். எங்கள் உறவில் ஒரு சாவு, இரண்டு வாரம் நான் ஊரில் இல்லை. திரும்பி வந்து மூடியைத் திறந்தபோது ஒரு தேனீகூட இல்லை. அடைகளில் மெழுகு அந்துப்பூச்சியின் புழுக்கள் நூலாம்படை பின்னியிருந்தன. பட்டினி வந்தால், எறும்பு ஏறினால், வெயில் நேராக அடித்தால், அடிக்கடி திறந்து தொந்தரவு செய்தால், இந்தியத் தேனீ மொத்தமாகக் கிளம்பிவிடும். மூன்று வகைகளில் இந்தக் குணம் மிகுதியாக இருப்பது இதற்குத்தான். புதியவரை மனம் உடைய வைப்பதும் இதுதான்.

கொசுத்தேனீ போகாது, போகவும் முடியாது. இனச்சேர்க்கை முடிந்து முட்டையிடத் தொடங்கிய ராணியின் வயிறு பருத்துவிடும், அதன் பிறகு அதற்குப் பறக்க இயலாது. ராணியை விட்டுக் குடும்பம் நகராது. சேமித்த தேனில் பாதியை நாம் விட்டுவைத்தால் மழைக்காலத்தைத் தானாகவே கடத்திவிடும். சீனிக் கரைசல் வைக்கவேண்டிய தேவை எனக்கு அபூர்வமாகவே வந்திருக்கிறது.

கொடுக்கு

கொசுத்தேனீக்குக் கொட்டும் கொடுக்கு கிடையாது. கூட்டைத் திறந்தால் முடிக்குள்ளும் காதுக்குள்ளும் புகுந்து கடிக்கும், பிசினை ஒட்டும், அவ்வளவே. குழந்தைகள் ஓடியாடும் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுச் சுவர் நான்கடியில் இருக்கும் நகரத்து வீட்டுக்கும் இதைவிட ஏற்ற தேனீ இல்லை.

மற்ற இரண்டும் கொட்டும். பதறாமல் மெதுவாகக் கையாண்டால் இந்தியத் தேனீ சாந்தமானதுதான், ஆனால் அடையைத் தூக்கும்போது பதற்றத்தில் கொத்தாகத் திரண்டு கீழே விழும். இத்தாலியத் தேனீ அடையிலேயே அமைதியாக உட்கார்ந்திருக்கும், வேலை செய்ய எளிது. இருந்தாலும் கூட்டம் பெரிதென்பதால், ஒருமுறை மிரண்டால் சமாளிப்பது கடினம். எந்த வகையானாலும் முகவலையும் புகைமூட்டியும் இல்லாமல் திறக்காதீர்கள். தேனீ கொட்டி முன்பு மூச்சுத் திணறலோ உடம்பெல்லாம் தடிப்போ வந்தவர்கள் வீட்டில் இருந்தால் பேச்சே வேண்டாம், கொசுத்தேனீ மட்டும்தான்.

நோய் எழுதிய வரலாறு

இந்தப் பகுதியில் தேனீ வளர்ப்பைப் பற்றி யார் பேசினாலும் 1991, 1992 ஆண்டுகளைத் தாண்டாமல் பேச முடியாது. அதற்கு முன்பு மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் பெட்டி இல்லாத வீட்டைத் தேடவேண்டும். 1920களில் அங்கே ஒய்.எம்.சி.ஏ. ஊரக மையம் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்ததில் தொடங்கிய பழக்கம் அது. பிறகு தாய்லாந்து பை நோய் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவுக்குள் வந்தது. கூட்டுப்புழுவாக மாறும் முன்பே புழு இறந்துபோகும். தலை மேலே நிமிர்ந்தபடி படகு வடிவில் கிடக்கும். ஊசியால் எடுத்தால் தண்ணீர் நிறைந்த பை போல வரும். மருந்து கிடையாது. இந்தியத் தேனீக் குடும்பங்களில் மிகப் பெரும்பகுதி அழிந்தது. கொல்லைகளில் காலிப் பெட்டிகள் மட்டும் நின்றன.

தென்னாட்டில் இத்தாலியத் தேனீ வேரூன்றியதற்கு அந்த வெற்றிடமும் ஒரு காரணம். 1960களில் இமயமலை அடிவாரத்து நக்ரோட்டா பக்வானில் வெற்றிகரமாக அறிமுகமாகி வட இந்தியாவில் பரவியிருந்த இனம் அது. பை நோய் அதைத் தொடவில்லை. ஆனால் அதற்கு வேறொரு பகை இருக்கிறது. வரோவா உண்ணி ஆசியத் தேனீயோடு நெடுங்காலம் வாழ்ந்த ஒட்டுண்ணி. இந்தியத் தேனீக் கூட்டில் அது பெரும்பாலும் ஆண் தேனீப் புழுக்களில்தான் பெருகும். பணித் தேனீக்கள் ஒன்றையொன்று சுத்தம் செய்து உண்ணியைக் கடித்து வீழ்த்தவும் செய்யும். இத்தாலியத் தேனீக்கு அந்தப் பழக்கம் போதாது. பணித் தேனீப் புழுக்களிலும் உண்ணி பெருகிக் குடும்பத்தையே நலியச் செய்துவிடும். அதனால் தொடர்ந்து கண்காணிப்பும் சிகிச்சையும் தேவை. கதண்டு என்ற பெருங்குளவி வந்தாலும் இதே கதைதான். இந்தியத் தேனீக்கள் அதைப் பந்துபோல் மொய்த்து உடல் சூட்டாலேயே கொல்லும். பரம்பரை பரம்பரையாக இந்த மண்ணில் பகையோடு வாழ்ந்து கற்ற வித்தை அது.

இந்தியத் தேனீ இன்று மீண்டுவிட்டது. நோயில் தப்பிய குடும்பங்களிலிருந்து பெருகியவைதான் இப்போது எங்கள் பெட்டிகளில் இருக்கின்றன. பை நோய் இன்னும் அவ்வப்போது தலைகாட்டுகிறது. அறிகுறி தெரிந்தால் ராணியைச் சில வாரம் முட்டையிட விடாமல் தனியே வைத்து, புழு இல்லாத இடைவெளி உண்டாக்குவது பலன் தருகிறது. எனக்கு இந்தத் தேனீமீது ஒரு பற்று இருப்பதை மறைக்கவில்லை. அழிவிலிருந்து எழுந்து வந்த ஒன்றைக் கொல்லையில் வைத்திருப்பது எனக்குப் பெருமை.

ஒரு எச்சரிக்கை: இந்தியத் தேனீயையும் இத்தாலியத் தேனீயையும் அருகருகே வைக்கக்கூடாது. பஞ்ச காலத்தில் இத்தாலியத் தேனீக்கள் இந்தியத் தேனீக் கூட்டுக்குள் புகுந்து தேனைக் கொள்ளையடிக்கும். பக்கத்துத் தோட்டத்தில் யாராவது இத்தாலியப் பெட்டிகளை இறக்கியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பெட்டி

இத்தாலியத் தேனீக்கு லாங்ஸ்ட்ராத் பெட்டி, அடை கட்ட அதில் பத்து மரச்சட்டங்கள். தேன் நிறைந்த மேலறையைத் தூக்க முதுகில் வலு வேண்டும். இந்தியத் தேனீக்கு நியூட்டன் பெட்டி, புழு அறையில் ஏழு சட்டங்கள். 1910களில் திருச்சிராப்பள்ளிப் பகுதியில் பணியாற்றிய நியூட்டன் என்ற பாதிரியார், நம் தேனீயின் உடலளவுக்கும் அது அடைகளுக்கிடையே விடும் இடைவெளிக்கும் ஏற்றபடி அமைத்தது. ஒரு பெண் தனியாகத் திறந்து, பார்த்து, மூடிவிடலாம். பெரிய பெட்டியில் இந்தியத் தேனீயை வைத்தால் நிறையத் தேன் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிறிய குடும்பத்தால் அந்த இடத்தைச் சூடாக வைக்கவும் காவல் காக்கவும் முடியாது. அந்துப்பூச்சிக்கே அது வசதி.

இரண்டுக்கும் தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தவேண்டும், இல்லையென்றால் எறும்பு.

கொசுத்தேனீக்கு மூங்கில் குழாய், மண் கலயம், கையளவு மரப்பெட்டி, எதுவானாலும் சம்மதம். எங்கள் பழைய வீட்டு அடுப்படிச் சுவரை இடித்தபோது விரிசலுக்குள் இருந்த கூட்டைத்தான் நான் பெட்டிக்கு மாற்றினேன். புழு அறைக் கொத்தை ராணியோடு மெதுவாக எடுத்துவைத்து, வாசலில் இருந்த பிசின் குழலைப் பிய்த்துப் புதுப் பெட்டியின் துளையில் ஒட்டினேன். வெளியே போயிருந்தவை அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு மாலைக்குள் வந்து சேர்ந்துவிட்டன.

தேன்

இத்தாலியப் பெட்டியிலும் இந்தியப் பெட்டியிலும் மேலறைச் சட்டங்களைச் சுழற்று இயந்திரத்தில் வைத்துத் தேனை எடுத்துவிட்டு, அடையைச் சேதமில்லாமல் திருப்பிக் கொடுக்கலாம். அறைகளில் முக்கால் பங்காவது மெழுகால் மூடியிருந்தால்தான் எடுக்கவேண்டும், அவசரப்பட்டால் தேன் புளித்துவிடும். கொசுத்தேனீக்கு அடையே கிடையாது. மெழுகும் பிசினும் குழைத்துச் செய்த சின்னச் சின்னக் குடுவைகளில் தேனைச் சேர்க்கிறது. குடுவைகளைக் கிள்ளி எடுத்து, உடைத்து, வெயிலில் வடிய விடவேண்டும். நீர்ச்சத்து அதிகம், புளிப்பும் மெல்லிய கசப்பும் கலந்த சுவை. அதன் விலை மற்றவற்றைவிடப் பல மடங்கு. பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை தொட்டுவைக்க இந்தத் தேனைத் தேடி வருவார்கள். நான் கொடுப்பதில்லை. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எந்தத் தேனும் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தேனில் உள்ள நுண்ணுயிர் வித்துகள் அந்த வயதுக் குடலில் முளைத்து நஞ்சாகலாம்.

என் தேர்வு

நகரத்தில் மொட்டை மாடியும் நான்கைந்து தொட்டிச் செடிகளும் மட்டும் இருக்கிறதென்றால் கொசுத்தேனீ. துளசியும் தும்பையும் பூசணியும் இருந்தால் அது மகிழ்ச்சியாக இருக்கும். சில நூறு மீட்டர் சுற்றளவுக்குள் அதன் உலகம் முடிந்துவிடுகிறது, அதனால் வீட்டைச் சுற்றிப் பூச்சிமருந்து அடிக்காமல் இருப்பது மிக முக்கியம்.

தென்னையும் முருங்கையும் மாமரமும் உள்ள கொல்லை, வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடிய மனம், இந்த இரண்டும் இருந்தால் இந்தியத் தேனீ. ஒன்றல்ல, இரண்டு பெட்டிகள் வையுங்கள். ஒன்றில் ராணி போய்விட்டால் மற்றதிலிருந்து முட்டையுள்ள அடை ஒன்றை எடுத்துக் கொடுத்துப் புது ராணியை வளர்க்கச் செய்யலாம். ஒற்றைப் பெட்டிக்காரருக்கு அந்த வழி இல்லை.

இத்தாலியத் தேனீயை முதல் ஆண்டில் யாருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. நல்ல தேனீதான், ஆனால் அது தொழிலுக்கான தேனீ. இருபது முப்பது பெட்டிகளும் வண்டியும் வைத்துப் பூவைத் துரத்துகிறவர்களின் கையில் அது பொன்னாக விளையும்.

இந்தியத் தேனீ என்று முடிவெடுத்தால் மார்கழியில் வாங்குங்கள். தேன் காலத்துக்கு முன்பே குடும்பம் பெருகி நிற்கும். வைகாசியில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினால் நேராகப் பஞ்ச காலத்துக்குள் கொண்டுபோய்விடுவீர்கள். விற்பவர் மூடியைத் திறந்து காட்டட்டும். நடு அடையைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அறையின் அடியில், ஒன்றுக்கு ஒன்று வீதம், வெள்ளை நூல் துண்டு போல முட்டை நின்றுகொண்டிருக்கும். அது தெரிந்தால் ராணி உள்ளே இருக்கிறது. இருட்டும் வரை காத்திருந்து, எல்லாத் தேனீக்களும் உள்ளே வந்த பிறகு வாசலை அடைத்து, பெட்டியைக் குலுக்காமல் எடுத்து வாருங்கள். கிழக்கு நோக்கி, மதிய வெயில் படாத மர நிழலில் இறக்கிவைத்து, வாசலைத் திறந்துவிட்டு, ஒரு வாரத்துக்கு மூடியில் கை வைக்காதீர்கள்.