கடலடி மேலோடும் கண்ட மேலோடும்

ஒரு கையில் பசால்ட், மறுகையில் கிரானைட் எடுத்துப் பாருங்கள். பசால்ட் கருப்பு, அதன் மணிகள் கண்ணுக்கே தெரியாது. கிரானைட்டில் வெள்ளைப் படிகங்களும் மினுங்கும் மைக்காவும் தனித்தனியாகத் தெரியும். ஒரே அளவுத் துண்டு என்றால் பசால்ட் கொஞ்சம் கூடுதலாகக் கனக்கும். பூமியின் மேற்புறமாக அமைந்து மெல்ல நகரும் பெரும் பாறைத் தட்டுகள் மோதும்போது அந்தக் கொஞ்சம்தான் பெரிய விஷயம்.

பூமியின் வெளி ஓடுதான் மேலோடு. கடலடி மேலோடு பசால்ட் வகை, தடிமன் சுமார் 7 கி.மீ. கண்ட மேலோடு கிரானைட் போன்ற லேசான பாறை, 35-40 கி.மீ. தடிமன், திபெத்துக்கு அடியில் 70 கி.மீ. வரை போகும்.

இரண்டும் மோதினால் கடலடிதான் கீழே இறங்கும். பசிபிக் கடலடியில் உள்ள நாஸ்கா தட்டு தென் அமெரிக்காவுக்கு அடியில் இப்படித்தான் நுழைகிறது. நுழையும் பாறை வெளிவிடும் நீர், மேலே உள்ள சூடான பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. அப்படி உருகியதுதான் ஆண்டிஸ் எரிமலைகளுக்கு ஊட்டம். சரி, கண்டமும் கண்டமும் மோதினால்? எதுவும் எளிதில் இறங்காது, மடிந்து உயரும். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா ஆசியாவில் மோதி, இமயம் எழுந்தது அப்படித்தான்.

வயதில் கண்டத்துக்கே முதலிடம்: கனடாவின் அகாஸ்டா பாறைகளுக்குச் சுமார் 400 கோடி ஆண்டு. கடலடியோ நடுக்கடல் முகடுகளில், அதாவது கடலடி மலைத்தொடர்களில், பிறந்து, தட்டு கீழே இறங்கும் ஆழமான அகழிகளில் அழிவதால், பெரும்பகுதி 20 கோடி ஆண்டைத் தாண்டாது. ஆனாலும் தட்டுகளின் நகர்வுக்குச் சான்று கேட்டால் நான் கடலடியைத்தான் காட்டுவேன். முகட்டின் இருபுறமும் கண்ணாடிப் பிம்பம் போல ஓடும் காந்த வரிகளை (பாறையில் பதிந்த காந்தத் திசை மாறி மாறி வரும் பட்டைகளை) 1963-இல் ஆய்வாளர்கள் வைனும் மேத்யூஸும் விளக்கியபோது, கடலடி விரிவது கண்ணெதிரே தெரிந்தது.