அக்னெத்தாவா, ஃப்ரீடாவா: யாருடைய தனி ஆல்பத்தை முதலில் கேட்பது?

ஸ்வீடனின் 'அபா' பாப் இசைக் குழுவின் இரண்டு பாடகிகள் அக்னெத்தாவும் ஃப்ரீடாவும். அழுகையைப் பாட்டாக்கும் குரல் என்றால் அது அக்னெத்தாதான். 1980-ல் வந்த 'தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்' ஒன்றே போதும். ஃப்ரீடாவின் குரல் கொஞ்சம் தாழ்ந்தது, கனமானது. 'ஃபெர்னாண்டோ' பாடியது அவர்தான். குரலை மட்டும் வைத்துப் பார்த்தால் எனக்கு அக்னெத்தா ஒரு படி மேல். ஆனால் தனி ஆல்பம் என்று வந்தால் முதலில் ஃப்ரீடாவைக் கேளுங்கள் என்பேன்.

காரணம் 1982-ல் வந்த அவருடைய 'சம்திங்ஸ் கோயிங் ஆன்'. மணமுறிவுக்குப் பிறகு இங்கிலாந்துப் பாடகரும் டிரம்மருமான ஃபில் காலின்ஸின் முதல் ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டவர், அவரையே தயாரிப்பாளராக அழைத்தார். ஸ்டாக்ஹோமில் அபாவின் சொந்த போலார் ஸ்டுடியோவிலேயே பதிவு நடந்தது. ஆனாலும் அபாவின் சாயல் மிகக் குறைவு. 'ஐ நோ தேர்ஸ் சம்திங் கோயிங் ஆன்' பாடலில் காலின்ஸின் டிரம்ஸ் இடி மாதிரி விழுகிறது. ஃப்ரீடா அதற்கு அசராமல் ஈடுகொடுத்துப் பாடுகிறார். அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் அது 13-ஆம் இடம் வரை போனது. பழகிய பாணியை விட்டு இவ்வளவு தூரம் வருவதற்கு நிஜமாகவே துணிச்சல் வேண்டும்.

அடுத்த ஆண்டு வந்த அக்னெத்தாவின் 'ராப் யுவர் ஆர்ம்ஸ் அரவுண்ட் மீ' கேட்க இனிமையானது, ஆனால் பத்திரமானது. மைக் சாப்மன் தயாரிப்பு. எங்கும் சறுக்கல் இல்லை, எங்கும் அதிர்ச்சியும் இல்லை. 1987-க்குப் பிறகு 2004 வரை அவர் புது ஆல்பமே தரவில்லை.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவே இல்லை. அக்னெத்தா பாட்டு எழுதத் தெரிந்தவர். 1968-ல், பதினேழு வயதில், தானே எழுதிப் பாடிய 'யாக் வார் ஸோ ஷேர்' ஸ்வீடனில் முதலிடம் பிடித்தது. ஆனால் அபாவின் ஸ்டுடியோ ஆல்பங்களில் அவர் இசையமைத்தது 'டிஸ்இல்யூஷன்' ஒன்றுதான். மற்ற மெட்டுகள் குழுவின் இரண்டு ஆண்களான பென்னி, பியோர்ன் கையில். அந்தத் திறமை எங்கே போனது என்று தேடுபவர்கள் 1975-ல் அவர் ஸ்வீடிஷ் மொழியில் வெளியிட்ட 'எல்வா க்வின்னோர் இ எட் ஹூஸ்' ஆல்பத்துக்குப் போகலாம். பெரும்பாலான மெட்டுகள் அவருடையவை. ஃப்ரீடாவின் 1982 ஆல்பத்துக்கு அடுத்து கேட்க வேண்டியது இதுதான். 1983 ஆல்பம் அப்புறம்.