கண்காட்சிக்குக் கன்று: ஜெர்சி கலப்பினமா, வெச்சூரா?

கால்நடை பராமரிப்புத் துறையின் மருத்துவ முகாமை ஒட்டி நடக்கும் கன்று பேரணியிலோ கால்நடைக் கண்காட்சியிலோ ஒரு கிடாரிக் கன்றை நிறுத்த விரும்பும் குமரி மாவட்டத்துக் குடும்பத்தின் முன் பெரும்பாலும் இரண்டு வழிகளே உள்ளன. வீட்டுப் பசு ஈன்ற ஜெர்சி கலப்பினக் கன்றை வளர்த்தெடுக்கலாம். அல்லது வெச்சூர் போன்ற குட்டை இன நாட்டுக் கன்றை வாங்கி வளர்க்கலாம். காங்கேயம் கன்றை விரும்புவோரும் உண்டு என்றாலும், செம்பழுப்பாகப் பிறக்கும் அக்கன்று சாம்பல் நிறத்துக்கு மாற ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும் என்பதால், இளங்கன்றுப் பிரிவில் அதன் இனத்துக்குரிய தோற்றம் முழுதாகத் தெரிவதில்லை. எனவே அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

தமிழ்நாட்டின் சமவெளிப் பகுதிகளில் ஜெர்சி கலப்பினத்தையே அரசின் இனப்பெருக்கக் கொள்கை முன்னிறுத்தி வந்திருப்பதால், சினை ஊசி போட்ட பசுக்களின் கன்றுகளாக அவை எந்த ஊரிலும் கிடைக்கின்றன. வெச்சூரோ கோட்டயம் மாவட்டத்தில் வைக்கம் அருகிலுள்ள வெச்சூர் என்னும் ஊரின் பெயரால் வழங்கும் இனம். அழிவின் விளிம்பில் இருந்த அதை மீட்கும் பணி, 1989-இல் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தில் சோசம்மா ஐப் முன்னின்று தொடங்கியது. வளர்ந்த பசு சுமார் 90 செ.மீ. உயரமே இருக்கும். அதனால் உயரம் குறைந்த எந்த நாட்டுக் கன்றையும் வெச்சூர் என்று சொல்லி விற்க முடிகிறது. தாயையும், இயன்றால் காளையையும் நேரில் பார்க்காமல் வாங்குவது சரியன்று.

ஜெர்சி கலப்பினக் கன்று பிறக்கும்போது ஏறத்தாழ 20 முதல் 25 கிலோ இருக்கும். வெச்சூர் கன்று சுமார் 10 கிலோதான். இரண்டுக்கும் பொதுவான முதல் கடமை சீம்பால். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் ஊட்டத் தொடங்கி, முதல் நாளுக்குள் உடல் எடையில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு அளவுக்காவது கொடுத்திருக்க வேண்டும். நேரம் செல்லச் செல்லச் சீம்பாலின் எதிர்ப்புப் புரதங்களைக் கன்றின் குடல் ஈர்க்கும் ஆற்றல் குறைந்துகொண்டே போகும். இதைத் தவறவிட்ட கன்று அடிக்கடி கழிச்சலுக்கு ஆளாகும். பின்னாளில் எவ்வளவு தீவனம் போட்டாலும் அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது. நடுவர் காணும் கன்றின் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில் உருவாகிவிடுகிறது என்பதே என் உறுதியான கருத்து.

அந்த மூன்று மாதப் பாலில்தான் இரண்டு வழிகளும் பிரிகின்றன. கலப்பினப் பசுக்களில் பெரும்பாலானவை கன்று அருகில் இல்லாவிட்டாலும் பால் சுரக்கும். ஆகவே கன்றைத் தனியே பிரித்து, காலையும் மாலையும் வாளியில் அளந்து ஊட்டலாம். 22 கிலோ கன்றுக்கு நாளொன்றுக்கு இரண்டு லிட்டருக்குச் சற்று மேல் என்று தொடங்கி, எடைக்கேற்பக் கூட்டலாம். சங்கத்தில் ஊற்றினால் பணமாகக்கூடிய பால் அது என்பதால், பல வீடுகளில் மனம் முதலில் தளரும் இடமும் இதுவே. வெச்சூர் பசு கன்று ஊட்டினால்தான் எளிதில் பால் இறக்கும். ஒரு நாளைக்கு அதிகம் போனால் மூன்று லிட்டர் அளவில் கறப்பதால், கன்று குடித்தது போக வீட்டுக்கு மிஞ்சுவது சொற்பம். செலவுக் கணக்கில் வெச்சூர் முந்தினாலும், தாயின் மடியிலேயே வளர்ந்த கன்று மனிதக் கைக்குப் பழக நாளாகும். வாளியில் குடித்துப் பழகிய கன்றோ, ஊட்டுபவரின் காலடிச் சத்தத்துக்கே எழுந்து நிற்கும்.

இரண்டாவது வாரத்திலிருந்து கன்றுத் தீவனத்தைச் சிறிது சிறிதாக வாயில் வைத்துப் பழக்க வேண்டும். தேங்காய்ப் புண்ணாக்கு நம் மாவட்டத்தில் தாராளமாகக் கிடைப்பதால், அதை மட்டுமே நம்பிவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. கலப்பினக் கன்றுக்கு அது போதாது. தானியம், தவிடு, தாது உப்புக் கலவை ஆகியவையும் சேர்ந்தால்தான் நாளொன்றுக்கு 400 கிராம் என்ற அளவில் எடை கூடும். வெச்சூர் கன்றுக்குப் பசும்புல், வேலிமசால், அகத்திக் கீரை ஆகியவற்றோடு கொஞ்சம் அடர்தீவனம் போதும். அதற்கு அளவு மீறிப் போட்டால் வயிறு தொங்கி, இனத்துக்குரிய கட்டான தோற்றம் போய்விடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் தொழுவத்தை ஒட்டியே மரச்சீனியும் ரப்பரும் நிற்கின்றன. மரச்சீனியின் பச்சை இலையிலும் கிழங்குத் தோலிலும், ரப்பர் விதையிலும் சயனைடை வெளியிடும் பொருள் உள்ளது. வெறும் வயிற்றோடு அவிழ்த்துவிட்ட கன்று இவற்றைத் தின்றால், சிறிது நேரத்திலேயே மூச்சிரைத்து, நுரை தள்ளி, நடுங்கி விழுந்துவிடும். கால்நடை மருத்துவர் சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட் ஊசிகளைத் தாமதமின்றிப் போட்டால்தான் காப்பாற்ற முடியும். இந்த ஆபத்துக்கு இனவேறுபாடு கிடையாது. கயிற்றின் நீளத்தைத் தோட்டத்துக்கு எட்டாதபடி வைப்பதே பாதுகாப்பு.

மழையைப் பொறுத்தவரை வேறுபாடு பெரிது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவ மழைகளையும் பெறும் இந்த மாவட்டத்தில், குலசேகரம், திருவட்டாறு பக்கத் தொழுவங்களில் ஈரம் எளிதில் காய்வதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று வீசும் தோவாளைப் பகுதி அவ்வளவு ஈரமானது அன்று. உண்ணி பரப்பும் தைலேரியா போன்ற இரத்த ஒட்டுண்ணி நோய்கள் கலப்பினத்தையே கடுமையாகத் தாக்குகின்றன. ஆகவே மேற்குப் பகுதியில் ஜெர்சிக் கன்று வளர்ப்பவர் நாள்தோறும் காதின் உட்புறம், வாலடி, தொடையிடுக்கு ஆகிய இடங்களை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். வெச்சூருக்கு இந்தத் தொல்லை குறைவு. குடற்புழு நீக்கம் இரண்டுக்கும் ஒன்றே: பிறந்த 10 முதல் 14 நாளில் முதல் மருந்து, பிறகு ஆறு மாதம் வரை மாதந்தோறும். நான்கு மாதத்தில் கோமாரித் தடுப்பூசி, நான்கு முதல் எட்டு மாதத்துக்குள் கிடாரிகளுக்குப் புரூசெல்லா என்னும் கருச்சிதைவு நோய்க்கான தடுப்பூசி ஆகியவற்றையும் போட்டுவிட வேண்டும்.

பழக்குவதற்கு இரண்டு மாத வயதே ஏற்றது. பருத்திக் கயிற்றில் தலைக்கயிறு கட்டி, முதலில் தினமும் கால் மணி நேரம் உயரமான கம்பத்தில் கட்டிவிட்டு அருகிலேயே இருக்க வேண்டும். நடத்தும்போது கன்றின் இடது தோள்பட்டைக்கு நேராக நின்று கயிற்றை மெல்ல இறுக்கி, அது ஓரடி எடுத்து வைத்த அதே கணத்தில் தளர்த்த வேண்டும். தளர்த்துவதே அதற்குக் கிடைக்கும் பரிசு. இறுக்கிக்கொண்டே இழுப்பவரிடம் கன்று எதையும் கற்பதில்லை. வெச்சூர் கன்று சுறுசுறுப்பானது, திடீரென்று துள்ளும். ஆனால் எடை குறைவாதலால் பள்ளி செல்லும் பிள்ளைகூட அதைத் தாங்கிப் பிடிக்கலாம். ஜெர்சிக் கன்று சாந்தமானது. ஆனால் ஆறு மாதம் வரை பழக்காமல் விட்டுவிட்டால் வளர்ந்த ஆளையே இழுத்துச் சென்றுவிடும். ஒலிபெருக்கிச் சத்தத்தையும் விரித்த குடையையும் முன்கூட்டியே காட்டிப் பழக்குவது இரண்டுக்கும் அவசியம்.

ஜெர்சி கலப்பினத்தில் நடுவர் வயதுக்கேற்ற எடை, நேரான முதுகு, அகன்ற இடுப்பு, சீரான இடைவெளியில் அமைந்த நான்கு காம்புகள் ஆகியவற்றைப் பார்ப்பார். கூடுதல் காம்பு இருந்தால் அதை இளம் வயதிலேயே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். எடைக்குத் தராசு வேண்டியதில்லை: மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ கணக்கு கிடைக்கும். சுற்றளவு 40, நீளம் 36 என்றால் சுமார் 87 கிலோ. கலப்பினத்துக்குக் கொம்புக் குருத்தை இரண்டு வார வயதில் மருத்துவரைக் கொண்டு சுட்டுவிடலாம். வெச்சூருக்குக் கொம்பும் இன அடையாளத்தில் சேரும் என்பதால் விட்டுவிட வேண்டும்.

வீட்டில் கறவைப் பசுவும், பாலை விட்டுக்கொடுக்கும் மனமும், உலர்ந்த தரையும் உள்ளவர்களுக்கு நான் ஜெர்சி கலப்பினத்தையே பரிந்துரைப்பேன். சில சென்ட் நிலமும், ஈரமான தொழுவமும், கன்றைப் பார்த்துக்கொள்ள ஒரு பிள்ளையும் மட்டுமே உள்ள வீட்டுக்கு வெச்சூர் ஏற்றது. ஆனால் அதை வாங்குவதற்கு முன், நாட்டு இனங்களுக்குத் தனிப் பிரிவு உண்டா என்று போட்டி நடத்துவோரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தி எடையைப் பார்க்கும் போட்டியில், எவ்வளவு நன்றாக வளர்ந்த வெச்சூர் கன்றுக்கும் இடம் கிடைப்பது அரிது.