அண்ணனுக்காக ஆறு வாரம் வாங்கிய கீட்டோ சாப்பாடு

என் அண்ணனுக்கு வயது 58. மூளைப் புற்றுக்கு அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து, இப்போது கீமோ மாத்திரை சாப்பிடுகிறார். இடையிடையே வலிப்பும் வருகிறது. சோறு, மாவு, சர்க்கரையை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவு கொடுத்துப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்டோம். சிகிச்சையோடு சேர்த்துக் கொடுக்கலாம், ஆனால் உணவியல் நிபுணரின் கண்காணிப்பு வேண்டும், எடை இறங்கக் கூடாது என்றார். வலிப்பு நோய்க்கு 1921இலிருந்தே மருத்துவர்கள் கொடுத்துவரும் உணவுமுறை இது என்பது எனக்குக் கொஞ்சம் தைரியம் தந்தது.

கோவையில் வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஒரு நிறுவனத்தில் மதியமும் இரவும் சொல்லிவைத்தோம். நாளுக்கு 520 ரூபாய். சமையலைக் குறை சொல்ல மாட்டேன். வஞ்சிரம் வறுவலில் மிளகு எடுப்பாக இருந்தது. கீரைக் கூட்டில் பருப்புக்குப் பதில் தேங்காய். பனீரில் வெங்காயத்தை அளவாகத்தான் போட்டிருந்தார்கள். சோற்றுக்குப் பதிலாகத் துருவிய காலிஃபிளவர். முதல் நாள் அண்ணன் அதில் ரசத்தை ஊற்றி, பழக்கத்தில் விரல்களைக் கூட்டி உருட்டினார். உதிர்ந்து உதிர்ந்து விழுந்தது. மூன்று முறை முயன்றுவிட்டு, "அம்மிணி, ஒரு ஸ்பூன் கொடு" என்றார். அன்று நான் அடுப்படியிலேயே சாப்பிட்டேன்.

ரத்தத்தில் கீட்டோன் அளக்கும் கருவி ஒன்றும் வாங்கினோம். மாவுச்சத்து குறைந்து உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாவது கீட்டோன்; உணவுமுறை சரியாக நடந்தால் அது ஏறும். இரண்டாம் வாரம் 1.4 காட்டியது, மூன்றாம் வாரம் 0.3க்கு இறங்கியது. மூளை வீக்கத்துக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்பதால் முதலில் அதைத்தான் சந்தேகப்பட்டோம். ஆனால் அந்த மாத்திரையின் அளவு மாறவே இல்லை. 31 வருடம் வேதியியல் நடத்தியவள் நான். டப்பாவில் வந்த வெள்ளைக் குருமாவை ஒரு கரண்டி தட்டில் விட்டு, தண்ணீர் கலந்து, டிங்சர் அயோடின் இரண்டு சொட்டு விட்டேன். பழுப்பு நிறம் கண்ணெதிரே கருநீலமானது. மாவு! போன் செய்தால், "குழம்பு கெட்டியாக வருவதற்குக் கொஞ்சம் சோளமாவு சேர்ப்போம் அம்மா" என்றார்கள். ஒரு நாளைக்கே 30 கிராம் மாவுச்சத்து என்று அளந்து கொடுக்கும் நோயாளிக்கு அந்தக் "கொஞ்சம்" மிகப் பெரிது. மறுநாளிலிருந்து மாவு சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். நான்கு நாளில் கீட்டோன் 1.1க்கு ஏறியது.

என்னால் மன்னிக்க முடியாதது டப்பாவோடு வந்த துண்டுச்சீட்டு. சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினியால் செத்துவிடும் என்று அச்சடித்திருந்தார்கள். புற்றணுக்கள் குளுக்கோஸை அதிகமாக இழுப்பதை ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டார். புற்று எங்கே இருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் படம் எடுப்பதும் அதை வைத்துத்தான். ஆனால் நாம் சாப்பிடாவிட்டாலும் ஈரல் குளுக்கோஸைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். ஜெர்மனியில் மீண்டும் வளர்ந்த மூளைக் கட்டிக்காக மறுபடி கதிர்வீச்சு பெற்ற 50 பேரிடம், சில நாள் கீட்டோவும் உண்ணாநோன்பும் சேர்த்துச் சோதித்தார்கள். 2020இல் வந்த முடிவில், அந்த 50 பேரில் வழக்கமான உணவு சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால், கட்டி வளராமல் இருந்த காலத்தில் வித்தியாசம் தெரியவில்லை. நம்பி ஏங்கும் குடும்பத்தின் கையில் அந்தச் சீட்டைக் கொடுப்பது பாவம். அதைப் படித்துவிட்டு யாராவது கீமோவைத் தள்ளிப்போட்டால் யார் பொறுப்பு?

எடை விஷயத்திலும் டப்பாவை நம்பி உட்கார்ந்திருக்க முடியவில்லை. நான்கு வாரத்தில் 64 கிலோ 61 ஆனது. மலச்சிக்கல் வேறு. உணவியல் நிபுணர் கணக்குப் போட்டுப் பார்த்தார். கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி வேண்டும், அதாவது குறைந்தது 1600. இரண்டு வேளை டப்பாவும் சேர்ந்து 1100கூட வரவில்லை. உடம்பை இளைக்க வைக்க வருகிறவர்களுக்குச் சமைக்கும் அளவையே நோயாளிக்கும் கொடுத்திருக்கிறார்கள். அவர் சொன்னபடி காலையில் தேங்காய் எண்ணெய் ஊற்றி இரண்டு முட்டை, மாலையில் ஊறவைத்த பாதாம், இரவில் கட்டித் தேங்காய்ப்பால் என்று வீட்டில் சேர்த்தோம். ஆறாம் வாரம் 62.5.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கணையத்திலோ பித்தப்பையிலோ கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த டப்பாவைத் தொடவே வேண்டாம்.

இப்போது மதியம் மட்டும் வாங்குகிறோம். வஞ்சிரம் வரும் செவ்வாயும் வெள்ளியும் அண்ணன் பன்னிரண்டு மணிக்கே கைகழுவிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். இரவுக்கு நானே சமைக்கிறேன், தராசில் வைத்து.