கரைத் தூண்டிலுக்கு இடம் தேடக் கூகுள் எர்த்: வேலூரிலிருந்து ஒரு மதிப்பீடு

வேலூரில் தூண்டில் என்றால் சதுப்பேரிக் கரையும் கெண்டையும் விராலும்தான் நினைவுக்கு வரும். கடல்மீனோடு நமக்குள்ள உறவு பெரும்பாலும் மக்கான் மீன் மார்க்கெட்டோடு முடிந்துவிடுகிறது. கரையில் நின்றபடியே கொடுவா, பாறை, சீலா, காலா ஆகியவற்றைப் பிடிக்க விரும்புகிறவர், கடலைப் பார்ப்பதற்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டியிருப்பதால், எங்கே நிற்பது என்பதை வீட்டிலேயே முடிவுசெய்துகொண்டு புறப்படுவது நல்லது. இதற்கென்றே கட்டணம் வாங்கும் செயலிகள் பல இருந்தாலும், 2015 முதல் இலவசமாகக் கிடைக்கும் கூகுள் எர்த் புரோ அவற்றைவிட எனக்கு அதிகம் பயன்பட்டிருக்கிறது.

அதன் தலையாய வசதி, பழைய செயற்கைக்கோள் படங்களைத் தேதி வாரியாகக் காட்டுவது. வாயலூர் தடுப்பணையைத் தாண்டிப் பாலாறு கடலில் கலக்கும் இடத்தைத் திரையில் வைத்துக்கொண்டு, மேலே உள்ள கடிகாரப் பொத்தானை அழுத்திக் காலத்தை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். கோடையில் மணல்திட்டு முகத்துவாரத்தை அடைத்து நிற்பதும், வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுநீர் அதை உடைத்துக்கொண்டு போவதும், உடைப்பு எப்போதும் ஒரே இடத்தில் ஏற்படுவதில்லை என்பதும் தெரியவரும். கொடுவா உப்புநீரும் நன்னீரும் கலக்கும் இடத்தை நாடும் மீன்; கடல்மட்டம் இறங்கி நீர் வற்றும் நேரத்தில் ஆற்றின் உள்ளிருந்து இழுபட்டு வரும் மடவைக் குஞ்சுகளுக்காக நீரோட்டத்தின் ஓரத்தில் காத்திருக்கும். ஆகவே முகத்துவாரம் எந்த மாதங்களில் திறந்திருக்கிறது, திறப்பின் எந்தக் கரை செங்குத்தாக அறுக்கப்பட்டிருக்கிறது என்பவை முக்கியமானவை. அறுபட்ட கரையை ஒட்டித்தான் ஆழம் இருக்கும். 2021 நவம்பரில் நம் ஊர்ப் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்த்தவர்கள், அதற்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆற்றுமுகம் இல்லாத திறந்த கரையில் அலையின் நுரையைக் கவனிக்க வேண்டும். வெண்ணிற நுரை தொடர்ச்சியாக இருக்கும் இடத்தில் அடியில் மணல்மேடு உண்டு. அந்த வெண்மை அறுந்து கருநீலமாக ஓர் இடைவெளி தெரிந்தால், அலை உடையாத அளவுக்கு அங்கே ஆழம் இருக்கிறது என்று பொருள். இரை தேடும் பாறை மீன்கள் மேட்டைத் தாண்டிக் கரைப்பக்கம் வரும் வழி பெரும்பாலும் அதுதான். குளிக்க இறங்குகிறவரை உள்ளே இழுத்துச் செல்லும் நீரோட்டமும் அதே வழியாகத்தான் போகிறது என்பதால், இடுப்பளவு நீரில் இறங்கி வீசும் பழக்கம் உள்ளவர்கள் அங்கே ஈரமணலோடு நின்றுகொள்ள வேண்டும். அளவுகோல் வசதியைக் கொண்டு கரையிலிருந்து அந்த இடைவெளி வரை அளந்து பார்க்கலாம். அறுபது மீட்டருக்கு மேல் இருந்தால் சாதாரணக் கைவீச்சு எட்டாது; அந்த இடத்தை விட்டுவிடுவேன்.

கடலரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடும் கற்சுவர்களான தூண்டில் வளைவுகளைத் தேர்ந்தெடுக்கவும் இதே படம் உதவுகிறது. நம் கரையோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்வதால், சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரம் அரிக்கப்பட்டதும் போலவே, ஒவ்வொரு கல்வளைவுக்கும் தெற்கில் மணல் சேர்ந்தும் வடக்கில் கடல் கரையைத் தின்றும் இருக்கும். தனித்து நிற்கும் வளைவானால், கல்லை ஒட்டி ஆழம் வேண்டுகிறவர் வடபுறத்தை முதலில் பார்க்கலாம்.

குறைகளும் உண்டு. படம் இன்றைய கடலைக் காட்டுவதில்லை. சில கரைகளுக்குப் பல மாதங்கள் பழைய படமே கிடைக்கும். நீர் கலங்கியிருக்கிறதா என்பதை நேரில்தான் அறிய முடியும். அலை உயரத்துக்கு ஐதராபாத்தில் உள்ள இன்கோயிஸ் நிறுவனத்தின் கடல்நிலை முன்னறிவிப்பைத் தனியே பார்க்க வேண்டும். கள்ளக்கடல் (தொலைவில் உருவான பேரலைகள் திடீரெனக் கரையில் எழுவது) எச்சரிக்கை இருக்கும் நாளில் கல்வளைவின் மேல் ஏறவே கூடாது. கடல் ஏறி இறங்கும் ஓத நேரத்துக்கும் வேறு அட்டவணை தேவை. நம் பக்கத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டரை ஒட்டியதுதான் என்றாலும், முகத்துவாரத்தில் அதுவே போதுமான இழுப்பை உண்டாக்குகிறது. படத்தில் ஆளில்லாத கரையாகத் தெரிவது, கரைவலை இழுக்கும் ஊராரின் பாடாகவும், அதாவது அவர்கள் வலை போடும் இடமாகவும், இருக்கலாம். கல்பாக்கத்தை ஒட்டிய பகுதிகளில் பாதுகாப்புக் கட்டுப்பாடுகளும் உள்ளன. இரண்டையும் அங்குள்ள அண்ணன்மாரிடம் கேட்டுக்கொண்ட பிறகே தூண்டில் ராடை விரிக்க வேண்டும்.

2024 முதல் பழைய படங்களைக் கைப்பேசியிலும் காண முடிகிறது; ஆனால் அந்தச் சிறிய திரையில் நுரையின் இடைவெளியைப் பிரித்தறிவது எளிதன்று. முந்தைய இரவே கணினியில் பார்த்து, ஓர் ஊருக்கு இரண்டு இடங்களாவது குறித்துவைத்து, அந்தக் குறிகளை மட்டும் கைப்பேசியில் எடுத்துச் செல்வதே வசதியானது.