ஹாம் ஆன்டெனாவுக்கு எர்த்திங்: பெங்களூரில் எனக்கு வேலை செய்துகொடுத்த குழுவைப் பற்றி

பெங்களூரில் மொட்டைமாடியில் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) ஆன்டெனா வைத்திருப்பவர்கள் எர்த்திங் வேலையை மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள். ஏப்ரல், மே வந்தால் சாயங்காலம் எப்போது இடி இறங்கும் என்று சொல்ல முடியாது, அந்த நேரத்தில் யாரும் மாடியில் ஏறவும் கூடாது. ராமமூர்த்தி நகரில் எங்கள் வீட்டுக்கு இந்த வேலையைச் செய்தது ஒரு சின்னக் குழு. மேஸ்திரி கிருஷ்ணகிரிக்காரர், எல்லாவற்றையும் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம்.

என்னிடம் இருப்பது 40 மீட்டர் அலைநீளப் பேண்டுக்கு ஒரு இன்வெர்டட் வி (தலைகீழ் V வடிவக் கம்பி ஆன்டெனா), அதைத் தூக்கிப் பிடிக்கும் இரும்புக் குழாய், ஆன்டெனாவிலிருந்து உள்ளே வரும் ஆர்ஜி-213 கோஆக்ஸ் கேபிள், 100 வாட் ரிக், அதாவது பேசும் ரேடியோ. இவர்களுக்கு முன்னால் வந்து பார்த்த இன்னொரு ஒப்பந்தக்காரர், ஆன்டெனாவுக்குத் தனி எர்த் குழி போடுவோம், அதை வீட்டு எர்த்தோடு சேர்க்கவே கூடாது, சேர்த்தால் இடி வீட்டுக்குள் வந்துவிடும் என்று அடித்துச் சொன்னார். கேட்கும்போது சரியாகத்தான் படும், பல பேர் அப்படியே செய்தும் வைத்திருக்கிறார்கள், ஆனால் ரிக்கைக் கொல்வதே இந்த ஏற்பாடுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். மின்னல் ஒன்றின் உச்ச மின்னோட்டம் சாதாரணமாகவே 30,000 ஆம்பியர் அளவில் இருக்கும். குழியின் எதிர்ப்பு 3 ஓம் என்று ரொம்ப நன்றாகவே அமைந்தாலும், அந்தக் கணத்தில் குழி 90,000 வோல்ட்டுக்கு எகிறும். சற்றுத் தள்ளி இருக்கும் வீட்டு எர்த் அந்த அளவுக்கு ஏறாது. கோஆக்ஸின் ஷீல்ட் (கேபிளின் வெளிப்புற உலோக வலை) ஒரு எர்த்தில், பவர் சப்ளையின் மூன்றாவது பின் இன்னொரு எர்த்தில், இரண்டுக்கும் நடுவில் ரிக். அவ்வளவு வித்தியாசமும் அதன் வழியாகத்தான் பாயும். இரண்டு எர்த்தையும் தடித்த தாமிரத்தால் இணைத்துவிட்டால் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும், ரிக்குக்கு வரும் அடி வெகுவாகக் குறையும்.

இந்த மேஸ்திரி வந்ததும் முதலில் கேட்டதே, "மீட்டர் போர்டு எங்க சார்? வீட்டு எர்த் எந்தப் பக்கம் இறங்குது?" என்றுதான். வேலையை இவரிடமே கொடுப்பது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் தெருவில் கொஞ்சம் தோண்டினாலே பாறை. தாமிரப் பூச்சுக் கம்பியை முழு நீளத்துக்கு இறக்க முடியவில்லை என்றதும் பாதியில் வெட்டி மூடிவிடாமல், தள்ளித் தள்ளி இரண்டு இடத்தில் இறக்கி, நடுவில் தாமிரப் பட்டை போட்டு இணைத்து, சுற்றிலும் பென்டோனைட் களிமண் நிரப்பினார்கள். உப்பும் கரியும் கொட்டும் பழைய வழக்கத்தை மேஸ்திரியே வேண்டாம் என்றார். உப்பு மழையில் கரைந்து போகும், இருக்கும் வரை உலோகத்தையும் அரிக்கும். கடைசியில் எர்த் டெஸ்டர் வைத்து என் கண் முன்னாலேயே அளந்தார்கள், 7 ஓம் வந்தது. ஐஎஸ்/ஐஇசி 62305 தரநிலை முடிந்தால் 10 ஓம்முக்குக் கீழே இருக்கட்டும் என்கிறது, ஆகவே இந்தப் பாறை நிலத்துக்கு இது நல்ல அளவுதான்.

ஒரு குறை சொல்லியாக வேண்டும். மாடிக் கைப்பிடிச் சுவரில் தாமிரப் பட்டையை நேர்க்கோணமாக மடித்துவிட்டார்கள், பார்க்க நேர்த்தியாகத்தான் இருந்தது. மின்னலின் மின்னோட்டம் மைக்ரோநொடிகளில் உச்சத்துக்குப் போகும், அந்த வேகத்துக்குக் கம்பியின் ஒவ்வொரு மீட்டரும், ஒவ்வொரு கூர்மையான மடிப்பும் தடைதான், பக்கத்தில் இருக்கும் இரும்புக்குத் தாவிவிடும். சொன்னதும் முகம் சுளிக்காமல் பிரித்து, அகலமான வளைவாக மாற்றிக் கொடுத்தார்கள். அப்புறம், தோண்டிய மண்ணை வாசலிலேயே விட்டுப் போனார்கள். அம்மாதான் ஆள் வைத்து அள்ளினார்.

கோஆக்ஸ் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் வைக்கும் அரெஸ்டரை (கேபிளில் வரும் மின்னல் அடியை எர்த்துக்குத் திருப்பிவிடும் சின்னப் பெட்டி) எஸ்.பி. ரோட்டில் நானே வாங்கினேன். உள்ளே இருப்பது வாயுக் குழல், அதற்கென்ற வோல்ட் அளவைத் தாண்டினால் பற்றிக்கொண்டு அடியை எர்த்துக்கு அனுப்பும். வாங்கும்போது அதன் வோல்ட் அளவைக் கேளுங்கள், கடையில் 90 வோல்ட் குழல் போட்டதை எடுத்து நீட்டுவார்கள். 50 ஓம் கேபிளில் 100 வாட் போனால் உச்ச மின்னழுத்தமே 100 வோல்ட், எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா சரியாகப் பொருந்தாமல் அலை திரும்பி வருவதைக் காட்டும் அளவு) கூடினால் இன்னும் ஏறும், நீங்கள் பேசும்போதே குழல் பற்றிக்கொள்ளும். 100 வாட்டுக்கு 230 வோல்ட் குழல் பொருத்தம். அரெஸ்டர் பெட்டியை எர்த் பட்டையோடு சேர்த்து முறுக்க வேண்டும், அது தொங்கிக்கொண்டிருந்தால் வாங்கிய காசு வீண்.

இவ்வளவு செய்தும் ஆன்டெனாவிலேயே நேராக விழும் மின்னலை இந்த அரெஸ்டர் தாங்காது. பக்கத்தில் எங்கோ விழுந்து கேபிளில் தூண்டப்படும் அடிக்குத்தான் அது. அதனால் 40 மீட்டரில் படபடவென்று இரைச்சல் ஏறத் தொடங்கியதும் பேச்சை முடித்து, கோஆக்ஸைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுகிறேன், பவர் சப்ளையின் பிளக்கையும் பிடுங்கிவிடுகிறேன். இடி தலைக்கு மேலே வந்த பிறகு கேபிளில் கை வைக்காதீர்கள்.

தாமிரப் பட்டையோடு சேர்த்து மொத்தம் 19,000 ரூபாய் ஆனது. இரும்புப் பட்டை என்றால் குறையும். இதே குழுவை நான் தயங்காமல் மறுபடியும் கூப்பிடுவேன், கேட்கிறவர்களுக்கும் சொல்வேன். டெஸ்டர் காட்டிய அளவை மட்டும் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த கோடையில் அளந்து பார்க்கும்போது ஒப்பிட அது வேண்டும், கேட்டால்தான் தருகிறார்கள்.