அல்சூர் ஞாயிறு மருந்தியல் வகுப்பு: எட்டு வாரம் சென்று வந்தவளின் மதிப்பீடு

கிருஷ்ணகிரிப் பக்கம் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டுப் பெங்களூரில் நர்சிங் சேர்ந்த என்னைப் போன்றவர்களை, மருந்தியலில் பாடத்தைவிடப் பெயர்களே அதிகம் மிரட்டுகின்றன. அல்சூர் சோமேசுவரர் கோயிலுக்கு அருகே ஒரு வீட்டு மாடியில், மருத்துவமனை மருந்தகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் தமிழில் நடத்தும் ஞாயிறு வகுப்புக்கு, 1,600 ரூபாய் கட்டி எட்டு வாரம் சென்றேன்.

முதல் நாள் அவர் கரும்பலகைப் பக்கமே போகவில்லை. எவர்சில்வர் தட்டு ஒன்றில் சாதாரண மாத்திரை, என்ட்ரிக் பூச்சு மாத்திரை, கேப்சூல், சஸ்பென்ஷன், ஆசனவாயில் வைக்கும் சப்போசிட்டரி, இன்ஹேலர் என்று பரப்பி வைத்து, கையில் எடுத்துப் பார்க்கச் சொன்னார். பிறகு நீர் கலந்த வினிகரில் ஒரு பாராசிட்டமால் மாத்திரையையும் என்ட்ரிக் பூச்சுள்ள ஒரு பான்டொப்ரசோல் மாத்திரையையும் தனித்தனி டம்ளர்களில் போட்டார். தேநீர் குடித்துவிட்டு வந்தபோது முதலாவது மாவாகி அடியில் படிந்திருந்தது. இரண்டாவது போட்டபடியே கிடந்தது. அதை எடுத்துச் சமையல் சோடா கரைத்த நீரில் போட்டதும் சிறிது நேரத்தில் பூச்சு இளகத் தொடங்கியது. இரைப்பை அமிலம் சிதைத்துவிடும் மருந்தைக் குடல்வரை பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அந்தப் பூச்சின் வேலை என்பதும், மூக்கு வழியாக இரைப்பைக்குச் செல்லும் ரைல்ஸ் டியூப் போட்ட நோயாளிக்கு அதை இடித்துக் கரைத்துக் கொடுத்தால் அந்த வேலையே கெட்டுவிடும் என்பதும் அதற்குமேல் விளக்கம் இல்லாமலே புரிந்தன. நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை ரத்தத்தில் பரவுமுன் கல்லீரலில் ஒரு பகுதி சிதைந்துபோகும் முதல் சுற்றைத் தவிர்த்து நேரே ரத்தத்தில் கலப்பதையும் அன்றே படம் போட்டுக் காட்டினார்.

நான்காம் வாரத்து இன்சுலின் வகுப்புக்கு மட்டுமே கட்டணம் முழுவதையும் கொடுக்கலாம். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 யூனிட்; பேனா கார்ட்ரிட்ஜில் பொதுவாக 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சு 40க்கும், ஆரஞ்சு மூடி சிரிஞ்சு 100க்கும் உரியவை. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடுவரை இழுத்தால் உள்ளே வருவது 0.2 மில்லிலிட்டர், அதாவது 8 யூனிட் மட்டுமே என்பதை ஒவ்வொருவரையும் வெறும் தண்ணீரில் இழுக்கவைத்து, கணக்குப் போடவும் வைத்தார். மருந்துச் சீட்டில் ‘ஓ.டி.’ என்றால் நாளுக்கு ஒருமுறை என்றுதான் நான் எண்ணியிருந்தேன். கண் பிரிவில் அதுவே வலது கண்ணைக் குறிக்கும் என்பதால் எதையும் முழுச் சொல்லாக எழுதிப் பழகுமாறு அன்று சொன்னதை வார்டில் இன்றும் கடைப்பிடிக்கிறேன்.

குறையும் இருக்கிறது. மருந்து உடலில் உறிஞ்சப்பட்டு, பரவி, வளர்சிதை மாற்றம் அடைந்து, வெளியேறும் நான்கு படிகளையும் கடைசி இரண்டு வாரங்களில் திணித்து, விழுந்தடித்து முடித்தார். பிளஸ் டூ இயற்பியலில் கதிரியக்கத்துக்குப் படித்த அரை ஆயுட்காலத்தை, அதாவது அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை, நினைவுபடுத்தி, ஐந்து அரை ஆயுட்காலம் கடந்தால் ஏறக்குறைய 97 விழுக்காடு மருந்து வெளியேறிவிடும் என்று விளக்கிய இடம் மட்டும் மனத்தில் நின்றது. அச்சிட்டுத் தந்த குறிப்பேடோ வேறு மாதிரி: கொடுத்த மருந்தில் எவ்வளவு ரத்தத்தைச் சென்றடைகிறது என்பதைக் குறிக்கும் ‘பயோஅவைலபிலிட்டி’க்கு ‘உயிர்க்கிடைப்புத்திறன்’ என்று போட்டுவிட்டு ஆங்கிலச் சொல்லை எழுதாமல் விட்டிருக்கிறார்கள். தேர்வுத்தாள் ஆங்கிலத்தில் வரும்போது அந்தப் பக்கங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஐயா வாயால் சொல்லும்போது இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறார். அதை நாமே பக்க ஓரத்தில் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலாண்டு மாணவர்கள் தயங்காமல் சேரலாம். இறுதியாண்டுத் தேர்வுக்குத் தயாராவோருக்கு இது போதாது. பன்னிரண்டு பேருக்கான அறையில் இருபது பேர் அமர்வதால் பின்வரிசைக்கு ஸ்ட்ரிப்பில் உள்ள எழுத்து தெரியாது. பத்து நிமிடம் முன்னதாகச் சென்று தட்டுக்குப் பக்கத்தில் இடம் பிடித்துவிடுங்கள்.